அப்பாவின் நோய்க்கு நிதி திரட்டுவது எப்படி? தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம்: ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தைச் சேர்ந்த 24 வயது இளைஞர் கேட்கிறார். அப்பாவுக்கு வயது 51, நாட்டுப்படகில் தொழில். ஒரு வருடமாக வலை கட்டும் ஊசி அவர் கையில் நிற்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்துவிட்டது. இப்போது பேச்சும் குழறுகிறது. மோட்டார் நியூரான் நோய், அதிலும் ஏ.எல்.எஸ். என்ற வகை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சைக்கு 6 லட்சம் ரூபாய் ஆகும், இணையத்தில் திரட்டிவிடலாம் என்கிறார் சவூதியில் இருக்கும் மாமா. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். "நான் யாரிடமும் கை நீட்டியதில்லை" என்கிறார் அப்பா. எவ்வளவு கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தம்பி, முதலில் கேட்கும் தொகையை மாற்றுங்கள். 6 லட்சம் ரூபாயை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். மாதம் 200 ரூபாய் வீதம் விடாமல் தரக்கூடிய எழுபது பேரைத் தேடுங்கள். இந்தக் கடற்கரையில் படுக்கையில் விழுந்த நோயாளிகளின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நோய் தெரிந்த முதல் இரண்டு மாதங்களில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் பணம் சேர்ந்துவிடுகிறது. அது மொத்தமும் ஒரே இடத்தில் கரைந்து, "அதான் அப்போதே கொடுத்தோமே" என்று உறவும் ஊரும் ஒதுங்கிக்கொள்ளும் இரண்டாவது வருடத்தில்தான் குடும்பம் தவித்துப்போகிறது. உங்கள் அப்பாவுக்குப் பணம் அதிகம் தேவைப்படப்போவதும் அப்போதுதான்.

நோயைச் சரியாகப் புரிந்துகொண்டால் இது விளங்கும். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோவதுதான் ஏ.எல்.எஸ். கட்டளை வராத தசை இளைத்துச் சுருங்கும். சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்கு நாக்கிலும் தொண்டையிலும். போகப் போக விழுங்குவதும், கடைசியில் மூச்சு விடுவதும் கடினமாகும். அறிகுறி தெரிந்ததிலிருந்து பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வாழ்கிறார்கள். பத்தில் ஒருவர் பத்து ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல் நோய் தெரிந்தது. 2018 வரை இருந்தார். அது மிகமிக அபூர்வம்.

மருந்து என்று பார்த்தால், ரிலுசோல் மாத்திரை 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயை அது நிறுத்தாது. சில மாதங்கள் தள்ளிப்போடும். நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன. சாப்பிடுபவர் இடையிடையே ஈரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எடரவோன் ஊசிக்கு அங்கே 2017-ல் அனுமதி கிடைத்தது. அதன் பலனும் குறைவுதான். 2023-ல் வந்த டோஃபெர்சென், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும் பொருந்தும். குழந்தைகளின் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவுக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அது வேறு நோய். அங்கே மருந்து இருக்கிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஊரே கூடி அந்த விலையைக் கட்டிவிடலாம். உங்கள் அப்பாவின் நோய்க்கு எத்தனை கோடி திரட்டினாலும் வாங்கிவிடக்கூடிய குணம் இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் மூச்சுத் திணறாமல், படுக்கைப்புண் வராமல், வயிறு காயாமல், தன் விருப்பத்தைச் சொல்ல வழியோடு அவர் வாழ்வதற்குப் பணம் நிச்சயம் உதவும். நீங்கள் திரட்ட வேண்டியது அந்தப் பணத்தைத்தான்.

மாமாவின் மீது கோபப்படாதீர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு எதையாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு அதிகம். ஆனால் ஸ்டெம் செல் விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, மற்ற எந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்கும். பங்கேற்கும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டச் சொல்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்து கொடுக்கும் நூறு ரூபாயை அப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும் பாவம்.

ஒரு செலவை மட்டும் தயங்காமல் உடனே செய்யலாம். இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் நோயை உறுதிசெய்துகொள்வது. கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினாலும் கை இளைக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் ஒருவகை நோயிலும் இப்படி ஆகும். அதற்குச் சிகிச்சை உண்டு. இதே நோய்க் குடும்பத்தில் "மதராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்றே ஒன்று இருக்கிறது. சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் அதைப் பதிவு செய்தார்கள். தென்னிந்தியாவில் இளவயதினருக்கு வருவது, காது மந்தமாகும், மெதுவாக நகரும். உங்கள் அப்பாவின் வயதுக்கு அதற்கு வாய்ப்புக் குறைவு. இதைப் படிக்கும் வேறு யாருடைய பிள்ளைக்காவது அதுவாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய மூன்றும் அரசு நிறுவனங்கள். பரிசோதனைக்காக வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. தாத்தா வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது அப்பாவின் சம்மதம். இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். இந்த நோயில் சிலருக்கு யோசனையிலும் குணத்திலும் மாற்றம் வரும் என்றாலும், பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். பேச்சு குழறுவதால் அவருக்குப் புரியவில்லை என்று வீட்டார் தாங்களே முடிவு கட்டிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் படத்தைப் போட்டு, அது அவருடைய கைப்பேசிக்கே வந்து சேர்ந்த கொடுமையைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாசலுக்கே வரவில்லை. உங்கள் அப்பா கை நீட்டியதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் எத்தனை தடவை கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். படகு கவிழ்ந்த வீட்டுக்கு, இலங்கைச் சிறையில் ஆள் மாட்டிக்கொண்ட வீட்டுக்கு, ஊர்க்கூட்டத்தில் வரி போட்டபோதெல்லாம் கொடுத்திருப்பார். அந்த வரிசையில் இப்போது தன் வீடும் வருகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது, எந்தப் படம் என்று அவரே சொல்லட்டும். சட்டை போட்டு, படகோரம் நின்றோ வலையோடு உட்கார்ந்தோ இருக்கும் படம் போதும். குழாய் செருகிய படமும் அழும் முகமும் வேண்டாம். முடியவே முடியாது என்று அவர் மறுத்தால், ஊர் முழுக்கச் சொல்லாமல், நெருங்கிய பதினைந்து இருபது குடும்பங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு வழிதான்.

மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால், கேட்காமலே உரிமையாகக் கிடைக்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். "அரசாங்கத்தில் முயற்சி செய்தீர்களா?" என்பதுதான் கொடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவு அதில் வராது. இந்த நோயின் செலவு பெரும்பகுதி வீட்டில்தான் என்பதால், அட்டை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே எடுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாள்பட்ட நரம்பியல் நோய்களும் கை கால் இயக்கக் குறைபாடும் அதில் உண்டு. இன்றைக்கு மருத்துவக் குழு போடும் சதவீதம் குறைவாக இருக்கலாம். நோய் கூடும்போது மறுமதிப்பீடு கேட்டு மீண்டும் போக வேண்டும். பல குடும்பங்கள் இதைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். துணைக்கு ஆள் இல்லாமல் பயணம் செய்ய முடியாத இயக்கக் குறைபாடு உள்ளவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அடிக்கடி மதுரைக்குப் போகும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மீனவர்களுக்கான 5 லட்சம் ரூபாய் காப்பீடு பற்றி யாராவது சொல்வார்கள். அது விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ கிடைப்பது, நோய்க்குக் கிடையாது. படகில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிடலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் இருப்பார். வேண்டாம். மருத்துவமனைக் காகிதமெல்லாம் நரம்பு நோய் என்று சொல்லும்போது அந்தப் பொய் ஒரு நாள்கூடத் தாங்காது. பிறகு உண்மையாக நீங்கள் கேட்கும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி, எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாதச் செலவு ஒரு பக்கம், ஒரே தடவைச் செலவு இன்னொரு பக்கம். மருந்து, பயணம், மிருதுவாக ஆக்கிய சத்துணவு, அம்மா வேலைக்குப் போகாமல் இருக்க நேர்ந்தால் இழக்கும் கூலி ஆகியவை மாதச் செலவு. அம்மாவின் கூலியை எழுத வெட்கப்படாதீர்கள். பராமரிப்பவரின் சாப்பாடும் பராமரிப்புச் செலவுதான். ஒரே தடவைச் செலவில் காற்றுப் படுக்கை, சளி உறிஞ்சும் கருவி, சக்கர நாற்காலி, இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபேப் கருவி ஆகியவை வரும். பைபேப்தான் பெரிய தொகை. தரத்தைப் பொறுத்து 40,000 ரூபாயில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். வாடகைக்கும் கிடைக்கிறது. விழுங்குவது சிரமமானால் வயிற்றில் நேராகக் குழாய் வைப்பார்கள். மூச்சுத் திறன் மிகவும் குறைவதற்கு முன்பே அதை வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்பதால் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நம் கடற்கரைக்கென்று சில செலவுகள் உண்டு. மதுரையில் எழுதித் தரும் பட்டியலில் அவை இருக்காது. உப்புக் காற்றில் சக்கர நாற்காலியின் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கருவிகளை மூடியே வைக்க வேண்டும். சின்னச் சக்கரம் மணலில் புதையும். வாசலிலிருந்து தெரு வரை சிமென்ட் பாதை போட்டுக் கொடுங்கள்; அது இல்லாவிட்டால் அப்பா கடலைப் பார்க்க வெளியே வருவதே நின்றுபோகும். மின்சாரம் போனால் பைபேப் நின்றுவிடும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு இரவில் மூச்சுக் கருவியோடு ஒருவர் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? இன்வெர்ட்டரும் பேட்டரியும் பட்டியலில் முதலிலேயே இருக்க வேண்டும். ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? ஊரிலிருந்தே தொடங்குங்கள். நீங்களோ அம்மாவோ வீடு வீடாகப் போக வேண்டாம். குடும்பத்துக்கு வெளியே மூன்று பேர் முன்னால் நிற்கட்டும்: அப்பாவோடு தொழில் செய்த ஒருவர், ஊர் மதிக்கும் ஆசிரியர் ஒருவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய பெண் ஒருவர். கேட்கும் வாய் வேறாக இருந்தால் கொடுப்பவருக்கும் கூச்சம் இருக்காது, மறுப்பவருக்கும் மனம் வருந்தாது. கோயில் ஊர்க்கூட்டமானாலும், பங்குத்தந்தையும் பங்கின் சிறு ஜெபக் குழுக்களான அன்பியங்களும் ஆனாலும், ஜமாத் ஆனாலும் கதவு ஒன்றுதான், தட்டலாம். பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. வீட்டுக்கே வந்து விசாரித்து உதவும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து நண்பர்கள் மூலம் கேட்பதானால், ஜகாத் என்ற கட்டாயக் கொடைக்குத் தனி விதிகள் உண்டு என்பதையும், சதக்கா என்ற பொதுக்கொடையை யாருக்கும் தரலாம் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நேரம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அந்த வீடுகளில் அப்போது கேட்காதீர்கள். நாட்டுப்படகுக்காரர்களின் மீனுக்கு அதே காலத்தில் நல்ல விலை கிடைக்கும். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனதால் வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களிலும் கேட்கக் கூடாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு. இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் மாதம் 200 ரூபாய் என்கிறேன். ஒரு மாதம் தவறினாலும் அடுத்த மாதம் சேர்த்துத் தருவார்கள். பெரிய தொகை என்றால் தவறியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

நம் பக்கத்தில் கொடுக்கும் பணம் எல்லாமே மொய் நோட்டில் ஏறிவிடும். நாளைக்குத் தங்கை கல்யாணத்திலோ உங்கள் கல்யாணத்திலோ அது திரும்பி வரவேண்டிய கடனாக நிற்கும். ஆகவே தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இது மொய் அல்ல, திருப்பித் தரப்படமாட்டாது, கொடுக்க இயலாதவர் கொடுக்க வேண்டாம். மொய்யாகத்தான் தருவேன் என்பவருடையதைத் தனி நோட்டில் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அப்பாவின் காலத்துக்குப் பிறகு அந்தக் கடன் உங்கள் தலையில் விழும்.

வேண்டுகோளை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும், தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான்:

"எங்கள் அப்பா தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகில் தொழில் செய்தவர். அவருக்கு மோட்டார் நியூரான் நோய் வந்திருக்கிறது. இது ஒட்டும் நோய் அல்ல. குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. கை வலுவிழந்துவிட்டது, பேச்சு குறைந்துவருகிறது, மனம் தெளிவாக இருக்கிறது. அவரை வீட்டில் நல்லபடியாக வைத்துப் பார்க்க மாதம் சுமார் 18,000 ரூபாய் ஆகிறது. அரசு உதவியும் படகுப் பங்கும் போக 14,000 ரூபாய் குறைகிறது. மாதம் 200 ரூபாய் தரக்கூடியவர்கள் எழுபது பேர் சேர்ந்தால் போதும். கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காட்டப்படும். மீதமாகும் பணமும் கருவிகளும் இதே போன்ற நோயுள்ள இன்னொரு குடும்பத்துக்குப் போகும். இந்த வேண்டுகோள் அப்பாவின் சம்மதத்தோடு எழுதப்பட்டது. இது டிசம்பர் வரை மட்டும் செல்லும்."

கடைசி வரி அவசியம். தேதி இல்லாத வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றும், யாராவது கியூ.ஆர். குறியீட்டை மட்டும் மாற்றிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. மருத்துவ அறிக்கையைப் பகிர்ந்தால் ஆதார் எண்ணையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் மறைத்துவிடுங்கள். "பெரிய நிதி வாங்கித் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு" என்று அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள்.

மிலாப், கெட்டோ போன்ற இணையத் தளங்கள் மோசமானவை அல்ல. ஆனால் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டை வைத்து, குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்குத் திரட்டுவதற்குத்தான் அவை நன்றாகப் பொருந்தும். வயிற்றுக் குழாய், பைபேப், மருத்துவமனையில் தங்க நேரும் காலம் ஆகியவற்றுக்கு அந்த வழியை எடுத்துவையுங்கள். தளத்துக்கு எவ்வளவு, பணம் செலுத்தும் நிறுவனத்துக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று முழுதாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். 2014-ல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இதே நோய்க்காக உலகமே பணம் திரட்டியதை மாமா சொல்லியிருக்கலாம். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது; மரபணு ஆராய்ச்சிக்கு அது உதவியது. அது ஓர் அமைப்பு ஆராய்ச்சிக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் திரட்டியது. ஒரு வீட்டின் மாதச் செலவை அந்த அளவுகோலால் அளக்க முடியாது.

மாமாவிடம் இன்னொன்றையும் உடனே சொல்லுங்கள். சவூதியிலும் அமீரகத்திலும் அனுமதி பெறாமல் பொதுவில் நிதி திரட்டுவது குற்றம். முகாமில் நோட்டுப் போட்டு வசூலிப்பதோ குழுக்களில் வேண்டுகோள் அனுப்புவதோ அவருடைய வேலைக்கே உலை வைத்துவிடும். அவரும் அவருடைய நண்பர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து அவரவர் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பலாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்து வங்கி வழியாக அனுப்பும் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் மாற்றும் உண்டியலில் (ஹவாலா) அனுப்பவே வேண்டாம். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் நம் ஊர்க்காரர்களே ஆனாலும் சட்டப்படி வெளிநாட்டவர். அவர்களிடமிருந்து வாங்குவதற்கு முன் ஒரு கணக்காயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமான வரியையும் கவனியுங்கள். நெருங்கிய உறவினர் தருவதற்கு வரி இல்லை. மற்றவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் அந்தத் தொகை வருமானமாகக் கருதப்படும். மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் வரி வராது. என்றாலும் கணக்கு வேண்டும். பெரிய தொகை தருபவரை மருத்துவமனைக்கோ கருவி விற்பவருக்கோ நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாக வருவதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். நீங்களும் அந்த மூவரில் ஒருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும்படி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு, ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ரசீது ஒட்டியிருக்க வேண்டும். மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். கூடவே அப்பாவைப் பற்றி இரண்டு வரி: "இந்த மாதம் எடை குறையவில்லை, இரவில் தூங்குகிறார்." கொடுத்தவர்கள் தொடர்ந்து கொடுப்பது இந்த இரண்டு வரிக்காகத்தான். ஏர்வாடிக்கோ வேளாங்கண்ணிக்கோ நேர்ந்துகொண்டு போவது உங்கள் நம்பிக்கை, போய்வாருங்கள். அந்தச் செலவு மட்டும் உங்கள் சொந்தக் காசாக இருக்கட்டும். புதுக் கைப்பேசி வாங்கினால்கூட ஊர் பேசும். பேசட்டும், நோட்டைக் காட்டுங்கள்.

படகையும் இன்ஜினையும் அவசரப்பட்டு விற்காதீர்கள். நம்பிக்கையான உறவினர் ஓட்டட்டும். படகுப் பங்கு வீட்டுக்கு வரும். அப்பாவுக்கும் இன்றைக்கு எவ்வளவு மீன்பாடு என்று கேட்க ஒரு விஷயம் இருக்கும். கந்துவட்டியும், வாரத் தவணைக் கடனும், வியாபாரியிடம் வாங்கும் முன்பணமும் வேண்டவே வேண்டாம். இது முடிவு தெரியாத செலவு. வட்டி ஏறும் கடனை வைத்து இதை நடத்த முடியாது. தங்கையின் படிப்பு நிற்கக் கூடாது. அவளுடைய கட்டணத்தையும் தேவைப் பட்டியலில் எழுதுங்கள். நியாயமான மனிதர்கள் அதற்கென்றே தருவார்கள்.

காசு ஆகாத வேலை ஒன்று இருக்கிறது, அதை இந்த வாரமே செய்யுங்கள். அப்பாவின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயர், தங்கையின் பெயர், அம்மாவைக் கூப்பிடும் விதம், "தண்ணீர் வேண்டும்", "புரட்டிப் படுக்க வை", "வெளிச்சத்தை அணை". பேச்சு நின்ற பிறகு அவற்றை ஒரு தொடுதலில் ஒலிக்கச் செய்யலாம். கண்ணால் காட்டும் எழுத்துப் பலகையும் தயார் செய்யுங்கள். தமிழில் எல்லா உயிர்மெய்யையும் எழுதினால் பலகை நிரம்பி வழியும், கண் களைத்துவிடும். மேலே உயிர் 12, கீழே மெய் 18, ஓரத்தில் அவர் அடிக்கடி சொல்லும் பத்து வாக்கியங்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதுங்கள். கை ஓரளவு அசையும் இப்போதே இருவரும் பழகிவிட்டால் பிறகு எளிது.

வரும் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம், நீங்கள் போங்கள். நரம்பியல் மருத்துவரின் சான்று, மருத்துவமனையிலிருந்து தந்த சுருக்க அறிக்கை, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, மீனவர் நல வாரிய அட்டை, அப்பாவின் படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை இரண்டு இரண்டு பிரதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் மூன்று கோரிக்கைகளை மட்டும் எழுதுங்கள்: அடையாள அட்டைக்கான மருத்துவப் பரிசோதனை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி. மனு எண் எழுதிய ரசீதை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.